வகுப்பில் கை நீட்டும் பிள்ளை: ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், பொன்னமராவதி வட்டாரத்தில் ஒன்று முதல் எட்டு வரை பாடம் எடுப்பவர்களை நினைத்து இதை எழுதுகிறேன். நானும் நடுநிலைப் பள்ளி ஆசிரியர்தான். பயிற்சிக் கூட்டங்களில் சாப்பாட்டு நேரத்தில், புதிதாக வேலைக்கு வந்தவர்கள் கேட்பவை இந்தக் கேள்விகள். பாடத்தை நடக்கவிடாமல் செய்வது, கெட்ட வார்த்தை, அடிதடி, பொருளை வீசுவது, ஆசிரியரையே எதிர்த்து நிற்பது எல்லாம் இதில் வரும்.

எது சேட்டை, எதற்குக் கவலைப்பட வேண்டும்?

சேட்டை செய்கிற பிள்ளை உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே செய்யும். நீங்கள் முறைத்தால் சிரித்துக்கொண்டு உட்காரும். அதை விட்டுத்தள்ளுங்கள். வாரத்தில் பல முறை நடக்கிறது, யாருக்காவது அடிபடுகிறது, தொடங்கினால் தன்னால் நிறுத்த முடியவில்லை, அந்தப் பிள்ளையோடு சேர்ந்து உட்கார யாரும் முன்வருவதில்லை என்றால் அது வேறு கதை. நன்றாக இருந்த பிள்ளை திடீரென்று மாறினாலும் உடனே கவனிக்க வேண்டும். அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

பையன் பெஞ்சைத் தள்ளிவிட்டு ஜியோமெட்ரி பாக்ஸை வீசுகிறான். அந்த நிமிடத்தில் என்ன செய்வது?

அவனை விடுங்கள், முதலில் மற்ற பிள்ளைகளை நகர்த்துங்கள். திமிறுகிறவனைப் பிடித்து வெளியே இழுப்பதைவிட, முப்பது பேரை வராந்தாவுக்கு அனுப்புவது சுலபம். "எல்லாரும் தமிழ்ப் புத்தகத்தை எடுத்துக்கிட்டு வேப்பமரத்தடிக்குப் போங்க" என்று ஜூன் மாதத்திலேயே ஒரு முறை பழக்கி வைத்திருந்தால், தேவைப்படும் அன்று யாரும் கேள்வி கேட்காமல் எழுந்து போவார்கள். பார்க்க ஆள் இல்லாவிட்டால் பாதிக் கோபம் இறங்கிவிடும்.

எச்.எம்.முக்கோ பக்கத்து வகுப்பு டீச்சருக்கோ தகவல் போக ஓர் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு அட்டை போட்ட ஒரு நோட்டு போதும். அதை எந்தப் பிள்ளை கொண்டுபோய்க் கொடுத்தாலும், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஒரு பெரியவர் வர வேண்டும். "சார், அங்க அவன் அடிக்கிறான் சார்!" என்று ஒரு பிள்ளை கத்திக்கொண்டு ஓடினால் பள்ளி முழுவதும் வேடிக்கை பார்க்க வந்துவிடும்.

அப்புறம் உங்கள் உடம்பைப் பாருங்கள். நேருக்கு நேர் நிற்காமல் கொஞ்சம் பக்கவாட்டில், இரண்டு கை தூரம் தள்ளி, வாசலை மறிக்காமல் நில்லுங்கள். கை வெளியே தெரியட்டும், பிரம்போ ஸ்கேலோ அதில் வேண்டாம். குரலைத் தாழ்த்துங்கள். சின்னச் சின்ன வாக்கியம் போதும்: "தம்பி, நான் இங்கதான் இருக்கேன். கீழ வச்சிடு." சொல்லிவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள். கோபத்தில் இருக்கிற பிள்ளைக்குக் காதில் விழுவது மண்டையில் ஏற நேரமாகும். நாம் அதற்குள் நாலு தடவை சொல்லிவிடுகிறோம்.

"ஏன்டா அடிச்ச?", "உங்கப்பாவைக் கூப்பிடட்டுமா?", "மன்னிப்புக் கேள்" என்பதெல்லாம் அந்த நேரத்தில் வேண்டாம். பலகாரச் சட்டியில் காய்கிற எண்ணெய் மேல் தண்ணீர் தெளிப்பதும் அப்போது புத்தி சொல்வதும் ஒன்றுதான். கொஞ்சம் இறங்கிய பிறகு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லலாம்: "தண்ணி குடிச்சிட்டு வர்றியா, இல்ல இங்கயே கொஞ்ச நேரம் உட்காருறியா?" இரண்டுமே உங்களுக்குச் சம்மதமானதாக இருக்கட்டும்.

பிள்ளையைத் தொட்டுப் பிடிப்பது கடைசி வழி. அவனுக்கோ மற்றவருக்கோ உடனே காயம் படப்போகிறது என்றால் மட்டும், முடிந்தால் இரண்டு பெரியவர்களாக, எவ்வளவு குறைந்த நேரம் முடியுமோ அவ்வளவு நேரம். கையை முறுக்குவதோ, தரையில் கவிழ்த்து முதுகில் அழுத்துவதோ கூடவே கூடாது. மூச்சு முட்டி உயிருக்கே ஆபத்தாகலாம். காம்பஸ், டிவைடர் போன்ற கூரான பொருள்கள் கணக்கு பீரியடுக்கு மட்டும் வெளியே வரும்படி உங்கள் அலமாரியில் இருப்பது நல்லது.

அடங்கிய பிறகு பெரும்பாலான பிள்ளைகள் சோர்ந்துபோவார்கள். சிலர் அழுவார்கள், சிலர் தூங்கிவிடுவார்கள். அரை மணி நேரமாவது விடுங்கள். அடங்கியதுபோல் தெரியும் அந்தப் பத்தாவது நிமிடத்தில் "இப்ப சொல்லு" என்று ஆரம்பித்தால் மறுபடி ஏறும். பேச்சை மாலையில் வைத்துக்கொள்ளலாம்.

இதையெல்லாம் செய்தும் அடுத்த வாரம் அதேதான் நடக்கிறதே?

நடக்கும். மேலே சொன்னது அடிபடாமல் அந்தப் பத்து நிமிடத்தைக் கடத்துவதற்கு மட்டுமே. வெடித்த பிறகு ஆசிரியர் செய்யக்கூடியது ரொம்பக் குறைவு. வேலை முழுவதும் அதற்கு முன்னால்தான் இருக்கிறது. இந்தப் பக்கத்தில் எதையாவது ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: அந்த நடத்தையால் பிள்ளைக்கு ஏதோ கிடைக்கிறது. அது என்னவென்று தெரியாமல் கொடுக்கிற தண்டனை, பல நேரம் அவன் தேடியதையே கையில் கொடுத்துவிடும்.

என்ன கிடைக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, ஒவ்வொரு முறையும் மூன்று விஷயம் எழுதுங்கள்: அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், உடனே நாமும் மற்ற பிள்ளைகளும் என்ன செய்தோம். "அடங்காத பையன்", "திமிர்" என்று எழுதினால் பயனில்லை. கேமராவில் தெரிவதை மட்டும் எழுதுங்கள். மாதிரிக்கு:

*செவ்வாய், 11.20, கணக்கு. வகுத்தல் கணக்கைப் போர்டில் வந்து போடச் சொன்னேன். முதல் பெஞ்சில் ஒருவன் சிரித்தான். சாக்பீஸை அவன் மேல் வீசினான், கெட்ட வார்த்தை. வெளியே நிற்கச் சொன்னேன். பீரியடு முடியும்வரை அமைதியாக நின்றான்.*

இரண்டு வாரம் இப்படி எழுதினாலே ஒரு வரிசை தெரியும். மேலே உள்ள பையன் தமிழிலும் உரக்க வாசிக்கச் சொன்னபோதுதான் வெடித்திருக்கிறான், விளையாட்டு பீரியடில் ஒரு தடவைகூட இல்லை என்று வந்தால், அவனுக்குக் கிடைப்பது தப்பித்தல். எல்லோர் முன்னாலும் தெரியாது என்று நிற்பதைவிட அடிக்கிறவன் என்று பெயர் வாங்குவது அவனுக்கு மேல். ஆறாம் வகுப்பில் எழுத்துக்கூட்டி வாசிக்கிற பிள்ளை எதையும் செய்து அந்த நிமிடத்தைத் தாண்டப் பார்க்கும். இவனுக்கு மருந்து, போர்டுக்குக் கூப்பிடாமல் இருப்பதும், தனியாக உட்காரவைத்து வாசிக்கச் சொல்லிக்கொடுப்பதும். "நாளைக்கு இந்த மூணு வரி உன்னைக் கேப்பேன், வீட்டுல பார்த்துட்டு வா" என்று முந்தின நாளே சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

இன்னொரு பிள்ளைக்குக் கிடைப்பது கவனமாக இருக்கும். வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்க்கிறது, டீச்சர் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார், அது திட்டாக இருந்தால்தான் என்ன? வேறு சிலருக்கு வேண்டிய பொருளோ, வரிசையில் முதல் இடமோ கிடைக்கிறது. சிலருக்கு உடம்பே காரணம்: சத்தமும் நெரிசலும் தாங்காது, அல்லது அசையாமல் உட்கார முடியாது.

நம்மூர்ப் பள்ளிகளில் இந்தக் கடைசிக் காரணத்தை நாம் குறைத்துப் பார்க்கிறோம் என்பது என் எண்ணம். நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) கட்டிக்கொடுத்த பழைய கட்டடங்கள் பல இன்னும் பள்ளிகளாக ஓடுகின்றன. உயரமான கூரை, வழவழப்பான தரை, தட்டியால் மறைத்த ஒரே கூடத்தில் இரண்டு வகுப்பு. பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அந்தப் பக்கம் வாய்ப்பாடு சொன்னால் இந்தப் பக்கம் காது அடைக்கும். சத்தம் தாங்காத பிள்ளையைக் கூடத்தின் நடுவில் உட்காரவைத்துவிட்டு, ஏன் பதினொரு மணிக்குமேல் பித்துப்பிடித்ததுபோல் ஆகிறான் என்று கேட்கிறோம். சுவரோரம், தட்டியிலிருந்து தள்ளி, முதுகுக்குப் பின்னால் ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் அவனை மாற்றிப் பாருங்கள். காசு செலவில்லை.

நோட்டில் நேரத்தையும் இடத்தையும் மறக்காமல் எழுதுங்கள். சத்துணவு வரிசை, கை கழுவும் குழாயடி, விளையாட்டு முடிந்து வகுப்புக்குத் திரும்பும் அந்த ஐந்து நிமிடம், இவற்றில்தான் அடிதடி அதிகம். குழாயடிச் சண்டைக்குப் பெரிய உளவியல் தேவையில்லை. ஒரு பெரியவர் அங்கே நின்றால் போதும்.

வகுப்புக்கு வெளியே நிறுத்தலாமா?

பாடத்திலிருந்து தப்பிக்க நினைக்கிறவனை வெளியே அனுப்பினால் அது பரிசு. கவனம் தேடுகிறவனுக்கு வராந்தாவில் போகிறவர் வருகிறவரெல்லாம் விசாரிப்பார்கள், அதுவும் பரிசு. கண்ணில் படாமல் நிறுத்திவைத்த பிள்ளை பள்ளியைவிட்டு வெளியேறி ஊருணிப் பக்கம் போய்விட்டால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். மழைக்காலத்தில் ஊருணியில் தண்ணீர் நிற்கும் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

தண்டனையாக இல்லாமல், கொஞ்சம் தணிந்து வர ஓர் இடம் இருப்பது நல்லது. வகுப்பின் மூலையில் ஒரு பாயும் தண்ணீர்ப் பானையும், அல்லது நூலக அலமாரி அருகே ஒரு நாற்காலி. "எனக்கு ஒரு மாதிரி வருது" என்று பிள்ளை தானாகவே எழுந்து அங்கே போகலாம், ஐந்து நிமிடத்தில் திரும்ப வேண்டும், விட்ட வேலையைத் தொடர வேண்டும். அந்தக் கடைசிப் பகுதியை விட்டுவிட்டால் இதுவும் தப்பிக்கும் வழியாக மாறும்.

ஒரு அடி கொடுத்தால் என்ன? பெற்றோரே "கண்ணை மட்டும் விட்டுட்டு அடிங்க சார்" என்கிறார்களே.

சட்டம் இடம் கொடுக்காது. 2009 கட்டாயக் கல்விச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனை, மன உளைச்சல் தருவது இரண்டையும் தடை செய்கிறது. மீறினால் துறை நடவடிக்கை உண்டு. தமிழ்நாட்டில் 2003-லேயே கல்வி விதிகளைத் திருத்திப் பிரம்படியை நீக்கிவிட்டார்கள். பெற்றோர் வாயால் கொடுத்த அனுமதி எந்த விசாரணையிலும் உதவாது. முட்டி போடவைப்பது, வெயிலில் நிற்கவைப்பது, வகுப்பு முழுக்க அவனைப் பார்த்துச் சிரிக்கவைப்பது எல்லாமே இதில் அடங்கும்.

சட்டத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும் கணக்கு உதைக்கிறது. அடிக்கிற பிள்ளைகளில் பலர் வீட்டில் அடி வாங்குகிறவர்கள். பெரியவன் சின்னவனை அடித்தால் காரியம் நடக்கும் என்பதை அங்கேதான் கற்றிருக்கிறார்கள். நாமும் அதையே செய்தால் அவன் கற்றது சரிதான் என்று முத்திரை குத்துகிறோம். அடி வாங்கியவன் அன்று மதியம் அடங்கி இருப்பான், உண்மைதான். அந்த ஒரு மதியத்தை நம்பித்தான் பலர் பிரம்பை விடமாட்டேன் என்கிறார்கள்.

கண்டுகொள்ளாமல் விட்டால் தானாகச் சரியாகுமா?

கவனத்துக்காகச் செய்வதாக இருந்தால் ஆகும். பென்சிலைத் தட்டுவது, பூனைபோல் கத்துவது, தேவையில்லாமல் கை தூக்குவது இவற்றை விடலாம். ஆனால் நீங்கள் கண்டுகொள்ளாமல் விட ஆரம்பித்ததும் முதல் சில நாள் அது கூடும். இத்தனை நாள் வேலை செய்தது ஏன் இன்று செய்யவில்லை என்று இன்னும் ஓங்கித் தட்டிப் பார்ப்பான். அந்த இடத்தில் பொறுமை இழந்து "டேய்!" என்றால், இன்னும் ஓங்கித் தட்டினால்தான் டீச்சர் திரும்புவார் என்று கற்றுக்கொடுத்ததாகிவிடும். தாங்க முடியாது என்று தோன்றினால் ஆரம்பிக்கவே வேண்டாம். அடிப்பதையும், சின்னப் பிள்ளையை மிரட்டுவதையும் ஒருநாளும் கண்டுகொள்ளாமல் விடக்கூடாது.

பாராட்டினால் மாறுவான் என்கிறார்கள். இவனிடம் பாராட்ட என்ன இருக்கிறது?

"குட் பாய்" என்பது காற்றோடு போகும். "அவன் உன் பேனாவை எடுத்தப்ப கை ஓங்காம என்கிட்ட வந்து சொன்ன பாரு, அதுதான் சரி" என்றால் எதைத் திரும்பச் செய்ய வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். தேடினால் கிடைக்கும். எந்தப் பிள்ளையும் நாள் முழுக்க அடித்துக்கொண்டே இருப்பதில்லை. வளர்ந்த பிள்ளைகளை எல்லோர் முன்னாலும் பாராட்டினால் கூச்சத்தில் அதைக் கெடுத்துக்கொள்வார்கள். அவர்களுக்குக் காதோடு சொன்னால் போதும்.

காலையில் வந்ததும் இரண்டு நிமிடம், மாலையில் போகும்முன் இரண்டு நிமிடம், ஒரே ஆசிரியர் அவனைப் பார்த்துப் பேசும் ஏற்பாடு நன்றாகப் பலன் தருகிறது. காலையில் "சாப்பிட்டியா? இன்னைக்கு என்ன பார்த்துக்கணும்?" மாலையில் "எப்படிப் போச்சு?" ஒரு சின்ன அட்டையில் ஒவ்வொரு பீரியடுக்கும் 0, 1, 2 என்று மதிப்பெண். சம்பாதித்த மதிப்பெண்ணைப் பிறகு செய்த தப்புக்காகப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் பதினொரு மணிக்கே இன்றைய ஆட்டம் முடிந்தது என்று மிச்ச நாளை அவன் வீணாக்குவான்.

வகுப்பு முழுக்கவே கட்டுக்கடங்காமல் இருந்தால், 1969-ல் அமெரிக்காவில் ஒரு நாலாம் வகுப்பில் சோதித்துப் பார்த்த விளையாட்டு ஒன்று உண்டு. வகுப்பை அணிகளாகப் பிரித்து, விதியை மீறும்போதெல்லாம் அந்த அணிக்கு ஒரு கோடு. குறைவாகக் கோடு வாங்கிய அணிக்குக் கூடுதல் விளையாட்டு நேரம். எல்லா அணியும் ஓர் எல்லைக்குள் இருந்தால் எல்லாருக்கும் பரிசு. நம்மூருக்கும் பொருந்துகிறது, செலவு ஒரு சாக்பீஸ்தான். வேண்டுமென்றே அணியைத் தோற்கடிக்கும் பிள்ளை இருந்தால் அவனைத் தனி அணியாக்குங்கள். இல்லாவிட்டால் மற்றவர்கள் பள்ளிக்கு வெளியே அவனிடம் கணக்குத் தீர்ப்பார்கள்.

அப்பா சிங்கப்பூரில், பையன் அப்பத்தா வீட்டில். யாரிடம் பேசுவது?

இந்தப் பக்கத்தில் இது தினசரிக் கேள்வி. வெளிநாட்டு வேலை நம் ஊர்களுக்குப் புதிதில்லை. அந்தக் காலத்தில் பர்மா, மலாயா, இப்போது சிங்கப்பூரும் வளைகுடாவும். பணம் வருகிறது, ஆள் வருவதில்லை. அப்பத்தாவுக்கு முட்டி வலி, ஓடிப்பிடிக்க முடியாது. "அப்பன் இல்லாத புள்ள, விடுங்க டீச்சர்" என்று ஒரு நாளும், "அப்பன் வரட்டும், தோலை உரிக்கச் சொல்றேன்" என்று மறுநாளும் சொல்வார். குறை சொல்வதில் அர்த்தமில்லை. எழுபது வயதில் மறுபடி ஒரு பிள்ளையை வளர்ப்பது லேசான காரியமில்லை.

முதல் முறை நல்ல சேதி சொல்லக் கூப்பிடுங்கள். பள்ளியிலிருந்து போன் வந்தாலே தப்பு என்று ஆகிவிட்ட வீட்டில் இது பெரிய மாற்றம். "அப்பத்தா, இன்னைக்குத் தம்பி சின்னப் பிள்ளைகளுக்குத் தண்ணி பிடிச்சுக் கொடுத்தான். சொல்லணும்னு தோணுச்சு." அப்புறம் வரும் கடினமான பேச்சுக்கு இது வழிவிடும். கூப்பிட்டு வந்தவர்களை உட்காரச் சொல்லுங்கள். மற்ற ஆசிரியர்கள் இருக்கும் அறையில், பையனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, குற்றப்பத்திரிகை வாசிக்காதீர்கள். நோட்டைக் காட்டி, "வாசிக்கச் சொன்னாத்தான் இப்படி ஆகுது, வீட்டுல எப்படி?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதில் உங்களுக்குத் தெரியாதது ஏதாவது கட்டாயம் இருக்கும்.

அப்பாவை விட்டுவிடாதீர்கள். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. ஞாயிறு மதியம் பெரும்பாலும் கிடைப்பார்கள். வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பினால் வேலை முடிந்து கேட்பார்கள். அவரிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: போனில் திட்டுவதை நிறுத்திவிட்டு, அந்த மதிப்பெண் அட்டையைப் பற்றி மட்டும் தினமும் கேட்கச் சொல்லுங்கள். இரண்டாயிரம் மைல் தாண்டி வரும் மிரட்டல், பையன் போனை எடுப்பதையே நிறுத்துவதில்தான் முடியும்.

அப்பா லீவில் வரும் வாரமும், திரும்பப் போன பின் இரண்டு வாரமும் வகுப்பில் கொந்தளிப்பு இருக்கும். தேதியை முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொண்டு, அந்த நாள்களில் சோதனைத் தேர்வு வைத்து அவனை இறுக்காமல் இருந்தால் நல்லது.

அம்மா சமையல் வேலைக்குப் போகிற வீடுகளையும் கவனியுங்கள். முகூர்த்த நாளென்றால் விடியுமுன்பே கிளம்பிவிடுவார்கள், பிள்ளை வெறும் வயிற்றோடு வரும். ஒன்று முதல் ஐந்து வரை காலை உணவுத் திட்டம் கைகொடுக்கிறது. 2023 ஆகஸ்டில் அதை எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவாக்கினார்கள். ஆறாம் வகுப்பு போனதும் அந்தச் சாப்பாடு கிடையாது. ஐந்தாவது வரை நன்றாக இருந்த பையன் ஆறாவதில் பத்தரை மணிக்கெல்லாம் எரிந்து விழுந்தால், முதலில் வயிற்றைக் கேளுங்கள்.

திருவிழா சமயத்தில் மட்டும் எல்லாப் பிள்ளைகளும் மோசமாகிறார்களே?

தூக்கம்தான். விடிய விடிய வள்ளி திருமணம் நாடகம் பார்த்துவிட்டு வந்த பிள்ளையிடம் வேறென்ன எதிர்பார்ப்பது? பொங்கல் முடிந்து சிறாவயல் மஞ்சுவிரட்டு, அதைத் தொடர்ந்து ஊர் ஊராக மஞ்சுவிரட்டு என்று போகும்போது, பையன்கள் மைதானத்தில் ஒருவரை ஒருவர் மாடாக்கி முட்டிக்கொள்வார்கள். இதை அடக்குவதைவிட, அந்த வாரம் பி.டி. பீரியடை முதல் பீரியடாக மாற்றிக்கொள்வது புத்திசாலித்தனம்.

சாதி சொல்லித் திட்டினால், சாதிக் கயிறு பார்த்து அடித்துக்கொண்டால்?

அதை வகுப்புச் சேட்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள். "சின்னப் பசங்க, விடுங்க" என்று சொல்கிறவர் யாராக இருந்தாலும் கேட்க வேண்டாம். 2023-ல் நாங்குநேரியில் பள்ளி மாணவனை வீடு புகுந்து வெட்டியதற்குப் பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் கைக்கயிறு முதலிய சாதி அடையாளங்களைப் பள்ளியில் அனுமதிக்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. திட்டு வாங்கிய பிள்ளையிடம் முதலில் போங்கள், தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். இருவரையும் கை குலுக்கச் சொல்லிச் சமாதானம் செய்துவைப்பது இங்கே பொருந்தாது. இருவரும் சமமாகச் சண்டை போட்டதாக அது ஆக்கிவிடும்.

மற்ற பெற்றோர் "டி.சி. கொடுத்து அனுப்புங்க" என்கிறார்கள்.

எட்டாம் வகுப்பு முடியும்வரை ஒரு பிள்ளையைப் பள்ளியைவிட்டு நீக்க முடியாது. கட்டாயக் கல்விச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு அது. பெற்றோரை நெருக்கி "நீங்களாகவே" டி.சி. வாங்கிக்கொள்ள வைப்பதும் நடக்கிறது. அது அடுத்த ஊர்ப் பள்ளிக்குப் பிரச்சினையைத் தள்ளிவிடுவது, அவ்வளவுதான்.

ஆனால் அடிபட்ட பிள்ளையின் அம்மா கேட்பதில் நியாயம் இருக்கிறது. "அவனுக்குப் பிரச்சினை, பாவம்" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். என்ன காயம், என்ன முதலுதவி, இனி இருவரும் எங்கே உட்காருவார்கள், சாப்பாட்டு நேரத்தில் யார் பார்ப்பார்கள் என்று அன்றே சொல்லுங்கள். அடித்த பிள்ளையின் வீட்டு விவரம், மருத்துவ விவரம் எதுவும் வாயிலிருந்து வரக்கூடாது. பேச்சு ஊர்ப் பஞ்சாயத்து அளவுக்குப் போனால், பள்ளி மேலாண்மைக் குழுவில் வைத்துப் பேசுங்கள். அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்கள்தான்.

எப்போது மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்?

முதலில் காதும் கண்ணும். காதில் சீழ் வடிகிற பிள்ளைக்குப் பாதிதான் கேட்கும். சொன்னதைச் செய்யாததால் அடங்காதவன் என்று பெயர் வாங்கும். சில நொடி பார்வை நிலைகுத்தி நின்று, மறுபடி ஒன்றுமே நடக்காததுபோல் தொடர்கிற பிள்ளைக்கு வலிப்பின் ஒரு வகையாக இருக்கலாம். வலிப்புக்கு மாத்திரை சாப்பிடும் பிள்ளைக்குச் சில மருந்துகளாலேயே எரிச்சல் கூடும். மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்ல நமக்கு உரிமையில்லை, திடீரென நிறுத்துவது ஆபத்து.

கவனக்குறைவு, மிகைச் செயல்பாடு என்று நாமே பெயர் வைத்துவிட வேண்டாம். அது வகுப்பில் மட்டும் தெரிந்தால் போதாது. வீட்டிலும் வெளியிலும் தெரிய வேண்டும், பன்னிரண்டு வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். அதை முடிவு செய்ய மருத்துவருக்கு உங்கள் நோட்டு ரொம்ப உதவும். பள்ளிக்கு வரும் மருத்துவப் பரிசோதனைக் குழுவிடம் அந்தப் பிள்ளையைத் தனியாகக் காட்டுங்கள். அவர்கள் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கு எழுதிக்கொடுப்பார்கள். வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள், போன் செய்து கூப்பிடலாம். கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் சொன்ன 21 வகைகளில் வருகின்றன. சான்று இருந்தால் தேர்வில் கூடுதல் நேரம் முதலிய சலுகைகள் கிடைக்கும்.

திடீர் மாற்றம் தனி. நன்றாக இருந்த பிள்ளை ஒரு மாதத்தில் முரடாகிறது, ஒருவரைக் கண்டால் ஒதுங்குகிறது, வயதுக்கு மீறிய பாலியல் சொற்களோ செய்கைகளோ வருகின்றன என்றால், அந்தப் பிள்ளைக்கு யாரோ தீங்கு செய்கிறார்களோ என்று பாருங்கள். துருவித் துருவிக் கேட்க வேண்டாம். சொன்னால் நம்புங்கள், சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். பாலியல் குற்றம் என்று தெரிந்தால் காவல்துறைக்குச் சொல்வது போக்சோ சட்டப்படி கட்டாயம். மறைப்பது குற்றம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் எண் 14417, மனநல ஆலோசனைக்கு 14416. இந்த மூன்றையும் வகுப்புச் சுவரில் பெரிதாக எழுதிவையுங்கள்.

எனக்கே கை நடுங்குகிறது, கோபம் வருகிறது.

வரத்தான் செய்யும். அடி வாங்கினால் வலிக்கும், அது ஏழு வயதுப் பிள்ளை கொடுத்தாலும். கோபம் தலைக்கேறினால் பக்கத்து வகுப்பு ஆசிரியரை நிற்கச் சொல்லிவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். இதை முன்கூட்டியே ஒருவரோடு பேசிவைத்துக்கொள்ள வேண்டும். "ஒரு பையனை அடக்கத் தெரியல" என்று ஸ்டாஃப் ரூமில் கிண்டல் செய்யும் மூத்தவர்கள் எல்லாப் பள்ளியிலும் உண்டு. அவரையே உங்கள் வகுப்பில் ஒரு பீரியடு உட்கார்ந்து நோட்டு எழுதித் தரச் சொல்லுங்கள். வெளியிலிருந்து பார்க்கிறவருக்குத் தெரிவது நமக்குத் தெரியாது, கிண்டலும் குறையும்.

எத்தனை நாளில் மாற்றம் தெரியும்?

நிறுத்தம் எதிர்பார்க்காதீர்கள், எண்ணிக்கையைப் பாருங்கள். வாரம் ஐந்து தடவை வெடித்தது இரண்டாகக் குறைந்தால் வழி சரிதான். நாலைந்து வாரம் ஒழுங்காகச் செய்தும் நோட்டில் எதுவும் மாறவில்லை என்றால், காரணத்தைத் தப்பாக ஊகித்திருக்கிறீர்கள். மறுபடி வாசித்துப் பாருங்கள்.

ஆண்டு முடிந்து அடுத்த வகுப்புக்குப் போகும்போது என்ன சொல்லி அனுப்புவது?

"பார்த்து இருங்க, இவன் ஒரு மாதிரி" என்பது மட்டும் வேண்டாம். ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள்: எதனால் வெடிக்கும், அதற்கு முன் என்ன அடையாளம் தெரியும் (கால் ஆட்டுவது, காது சிவப்பது, பேச்சு நின்றுபோவது), என்ன செய்தால் இறங்கும், எங்கே உட்காரவைத்தால் நல்லது, வீட்டில் யாரிடம் பேச வேண்டும். சண்டைகளின் பட்டியல் அதில் வேண்டாம். வேறு பள்ளியில் ஆறாம் வகுப்பு சேர்கிறான் என்றால், வீட்டில் கேட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தை அங்கே சேர்த்துவிடுங்கள். முடிந்தால் ஏப்ரலிலேயே பையனைப் புதிய ஆசிரியரிடம் ஒருமுறை அழைத்துப் போய், அவன் உட்காரப் போகும் வகுப்பைக் காட்டிவிட்டு வாருங்கள்.